ரீபூட் ஆனால் டேப் டிரைவ் பெயர் மாறுகிறது: எதை நம்பி பேக்கப் எழுதுவது?

கேள்வி | 4 மார்ச் 2024, காலை

லினக்ஸ் சர்வர் ஒன்று, அதோடு 24 ஸ்லாட் டேப் லைப்ரரி. டிரைவ் இரண்டு: ஒன்று எல்டிஓ-7, மற்றது பழைய எல்டிஓ-5 (எல்டிஓ என்பது டேப் வகை, எண் அதன் தலைமுறை). இரண்டுமே எஸ்ஏஎஸ் இணைப்பு, தனித்தனி கார்டில் மாட்டியிருக்கிறது. பேக்கப்புக்கு பாக்குலா என்ற மென்பொருள். கர்னல் அப்டேட் போட்டு ரீபூட் செய்ததில் இருந்து, ரோபோ கேட்ரிட்ஜை எடுத்து டிரைவில் வைக்கிறது, ஜாப் மட்டும் "டிரைவில் டேப் இல்லை" என்று நிற்கிறது. பார்த்தால் டிரைவுகளுக்கு லினக்ஸ் வைத்த பெயர்களான என்எஸ்டி0, என்எஸ்டி1 இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. இன்னொரு முறை ரீபூட் செய்ததும் சரியாகிவிட்டது. இது கர்னல் பக் தானே? பழைய கர்னலுக்கே திரும்பிவிடலாமா சார்?

4 மார்ச், மாலை

பக் இல்லை. பழைய கர்னலுக்குப் போனாலும் ஒருநாள் இதே கதைதான்.

டேப் டிரைவர் ஒரு டிரைவைக் கண்டதும் அந்த நேரத்தில் காலியாக இருக்கும் மிகச் சிறிய எண்ணைக் கொடுக்கும். ரேஷன் கடையில் முதலில் வந்தவருக்கு முதல் டோக்கன், அவ்வளவுதான். நேற்று முதல் டோக்கன் வாங்கியவர் இன்றும் முதலில் வருவார் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. உங்களிடம் இரண்டு கார்டு. எந்தக் கார்டின் டிரைவர் முதலில் ஏறுகிறது, எந்த டிரைவ் முதலில் "இருக்கிறேன்" என்று பதில் சொல்கிறது என்பதைப் பொறுத்து எண் மாறும். ஸ்கஸி ஸ்கேன் ஒரே நேரத்தில் பல கார்டுகளில் நடக்கிறது என்றால் அது கிட்டத்தட்ட ஓட்டப்பந்தயம். கர்னல் அப்டேட்டில் ஏதோ ஒரு மாட்யூல் கொஞ்சம் முன்னே ஏறியிருக்கும்.

வழி எளிது. பாக்குலாவின் ஆர்க்கைவ் டிவைஸ் வரியில் என்எஸ்டி0 என்று எழுதாதீர்கள். டெவ் அடைவுக்குள் "டேப்" என்று ஒரு அடைவு இருக்கும், அதற்குள் "பை-ஐடி". டிவைஸ் பெயர்களைக் கவனிக்கும் யூடெவ் அங்கே டிரைவின் அடையாள எண்ணைப் பெயராக வைத்து சிம்லிங்க் (உண்மையான பெயரைச் சுட்டும் மாற்றுப் பெயர்) போட்டு வைத்திருக்கும். டிரைவ் எந்த எண்ணில் வந்தாலும் அந்த லிங்க் சரியான டிரைவைத்தான் காட்டும். அதை எழுதுங்கள்.

4 மார்ச், இரவு

அவசரமாக ஒன்று. பை-ஐடி அடைவில் ஒவ்வொரு டிரைவுக்கும் இரண்டு பெயர் இருக்கும். ஒன்று வெறும் அடையாள எண். மற்றொன்று அதே எண்ணுக்குப் பின்னால் ஒரு சிறுகோடும் "என்எஸ்டி" என்ற வாலும். வால் உள்ளதை எடுங்கள்.

வால் இல்லாதது எஸ்டி வகை, அதாவது டிவைஸை மூடியதும் டேப்பைத் தானாகத் தொடக்கத்துக்குச் சுற்றிவிடும். பாக்குலா லேபிளைப் படித்துப் பார்த்துத்தான் எழுதும், அதனால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வீர்கள். ஆனால் டார் கமாண்டை வைத்து இரவு ஸ்கிரிப்ட் ஓட்டுகிற இடங்களில் முதல் பேக்கப் முடியும், டேப் தொடக்கத்துக்குப் போகும், இரண்டாவது பேக்கப் அதன் தலை மேலேயே எழுதப்படும். எர்ரர் ஒன்றும் வராது. ரிட்டர்ன் கோட் பூஜ்யம். மறுநாள் மெயிலில் எல்லாம் பச்சை. ரீஸ்டோர் கேட்கும்போதுதான் தெரியும்.

5 மார்ச்

கேட்டவர் எழுதுகிறார்: "பை-ஐடி போட்டுவிட்டேன் சார், வால் உள்ளதுதான். இப்போது ரீபூட் செய்யாமலே 'டேப் இல்லை' வருகிறது."

இதை எதிர்பார்த்தேன். உங்கள் சிக்கலில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. கர்னல் தன் இஷ்டத்துக்கு ஒரு எண் வைத்திருக்கிறது. லைப்ரரிக்குள் இருக்கும் ரோபோ தனக்கென்று ஒரு எண் வைத்திருக்கிறது: ரோபோவை இயக்கும் எம்டிஎக்ஸ் கமாண்டில் ஸ்டேட்டஸ் கேட்டால் "டேட்டா டிரான்ஸ்ஃபர் எலிமென்ட் 0, 1" என்று காட்டுமே, அது. பாக்குலாவின் டிரைவ் இண்டெக்ஸ் ரோபோவின் எண். ஆர்க்கைவ் டிவைஸ் கர்னலின் பெயர். இரண்டுக்கும் நடுவில் எந்தத் தானியங்கி ஒப்பந்தமும் கிடையாது. இதுவரை 0 என்றால் 0 என்று ஒத்துப்போனது தற்செயல்.

நிலையான பெயர் கிடைத்துவிட்டது, நல்லது. ஆனால் நீங்கள் அந்த நிலையான பெயரைத் தவறான டிரைவ் இண்டெக்ஸோடு முடிச்சுப் போட்டிருக்கிறீர்கள். இனி ஒவ்வொரு ரீபூட்டிலும் தவறாமல் தவறாக இருக்கும். முன்பாவது பாதி நாள் சரியாக இருந்தது.

5 மார்ச், இரவு

எது எலிமென்ட் 0 என்று கண்டுபிடிக்க நான் செய்வது இது. சீரியல் எண் பார்த்து முடிவு செய்வதை விட இதில்தான் எனக்கு நம்பிக்கை.

பேக்கப் டீமனை (பின்னணியில் ஓடும் நிரல்) நிறுத்துங்கள். இரண்டு டிரைவையும் காலி செய்யுங்கள். ஒரு காலி கேட்ரிட்ஜை எம்டிஎக்ஸ் மூலம் எலிமென்ட் 0க்கு ஏற்றுங்கள். எல்டிஓ-5 கேட்ரிட்ஜாக எடுங்கள், அதை எல்டிஓ-7 டிரைவ் எழுதாவிட்டாலும் படிக்கும். தலைகீழாகப் போனால், அதாவது எல்டிஓ-7 கேட்ரிட்ஜ் எல்டிஓ-5 டிரைவுக்குள் போனால், டிரைவ் அதைத் துப்பிவிடும், நமக்கு இன்னொரு குழப்பம். ரோபோ கை நகரும் சத்தம் அடங்கி, டிரைவ் டேப்பை உள்ளே இழுத்துக் கோத்து முடிக்கும் வரை பொறுங்கள். அப்புறம் இரண்டு பை-ஐடி பெயர்களிலும் டேப் டிரைவைக் கட்டுப்படுத்தும் எம்டி கமாண்டில் ஸ்டேட்டஸ் கேளுங்கள். ஒன்று "பிஓடி, ஆன்லைன்" என்று சொல்லும், அதாவது டேப் தொடக்கத்தில் தயாராக நிற்கிறது. மற்றது "டிஆர்_ஓப்பன்" என்று சொல்லும், அதாவது வாய் திறந்து காலியாக இருக்கிறது. ஆன்லைன் என்று சொன்ன பெயர்தான் டிரைவ் இண்டெக்ஸ் 0. காகிதத்தில் எழுதி ரேக் கதவில் ஒட்டுங்கள்.

லைப்ரரியின் வெப் பக்கத்திலும் எந்த இடத்தில் எந்த சீரியல் எண் என்று இருக்கும். ஆனால் அந்தப் பக்கம் பெரும்பாலும் டிரைவ் 1, 2 என்று எண்ணும், எம்டிஎக்ஸ் 0, 1 என்று எண்ணும். சில பெட்டிகளில் எண்ணிக்கை கீழிருந்து மேலே போகும். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இதைக் கழித்துக் கூட்டி யோசிப்பதற்கு, ஒரு கேட்ரிட்ஜை ஏற்றிப் பார்ப்பதே மேல்.

7 மார்ச்

கேட்டவர் சொல்கிறார், தலைகீழாகத்தான் இருந்ததாம். மாற்றியதும் வேலை செய்கிறது. இந்தக் கேள்வி-பதில் இழை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, ஏனென்றால் இன்னொரு வாசகர் உள்ளே வந்து, "பை-ஐடி சின்னப் பிள்ளை விளையாட்டு, பை-பாத் தான் சரி" என்று ஒரு குண்டு போட்டிருக்கிறார்.

அவர் வாதம்: டிரைவ் என்பது தேய்கிற பொருள். பழுதானால் பொறியாளர் வந்து அதே இடத்தில் வேறு டிரைவைச் செருகிவிட்டுப் போவார். சீரியல் எண் மாறிவிடும், பை-ஐடி லிங்க் மறைந்துவிடும், கான்ஃபிகை யாராவது திருத்தும் வரை பேக்கப் படுத்துக்கிடக்கும். பை-பாத் என்றால் கார்டின் பிசிஐ முகவரி, போர்ட் இவற்றை வைத்துப் பெயர். டிரைவ் மாறினாலும் பெயர் மாறாது.

பதில் யோசித்து எழுதுகிறேன்.

8 மார்ச்

யோசித்தேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அவர் நினைக்கிற அளவுக்கு இல்லை.

பை-பாத் என்ற பெயரைப் பார்த்து அது கேபிளின் பெயர் என்று நினைத்துவிடுகிறோம். ஃபைபர் சேனலில் அந்தப் பெயருக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள்: பிசிஐ முகவரி, பிறகு "எஃப்சி", பிறகு எதிர்முனையின் உலகப் பெயர் எண் (உலகில் வேறெதற்கும் இல்லாத தனி எண்), கடைசியில் லன் (ஒரே முகவரிக்குப் பின்னால் இருக்கும் டிவைஸின் வரிசை எண்). அந்த உலகப் பெயர் எண் டிரைவின் போர்ட்டுடையது. டிரைவை மாற்றினால் அதுவும் மாறும், பை-பாத்தும் மாறும். எஸ்ஏஎஸ்ஸிலும் பழைய யூடெவ் பதிப்புகள் டிரைவின் எஸ்ஏஎஸ் முகவரியைத்தான் பாதைக்குள் வைத்தன. புதியவை ஃபை (கார்டில் உள்ள இணைப்பு வாய்) எண்ணை வைக்கின்றன, அது உண்மையிலேயே கேபிள் செருகிய இடம். ஆகவே ஆபரேட்டிங் சிஸ்டத்தை மேம்படுத்தினால் டிரைவும் கேபிளும் அப்படியே இருக்க, பை-பாத் பெயர் மட்டும் மாறலாம்.

இன்னொரு பக்கம், சில லைப்ரரிகள் உலகப் பெயரையும் சீரியல் எண்ணையும் டிரைவுக்குக் கொடுக்காமல் அது உட்காரும் இடத்துக்குக் கொடுத்துவைத்திருக்கும். உள்ளே போகும் டிரைவ் எதுவானாலும் சர்வர் கண்ணுக்கு அதே எண்தான். அந்த மாதிரிப் பெட்டி உங்களிடம் இருந்தால் பை-ஐடியே போதும், இந்தச் சண்டையே வேண்டாம். அமைப்புப் பக்கத்தில் தேடிப் பாருங்கள்.

8 மார்ச், சற்றுப் பிறகு

அவருக்கு இன்னொரு கேள்வி. புது டிரைவ் வந்ததும் கான்ஃபிகை ஒருவர் கையால் திருத்த வேண்டியிருப்பது உண்மையில் குறையா? மாற்றிய டிரைவில் ஒரு கேட்ரிட்ஜ் ஏற்றி, எழுதி, படித்துப் பார்க்காமல் அன்றிரவே பேக்கப்பை அதன் மேல் விடுவீர்களா? லிங்க் உடைந்து நிற்பது ஒரு தடுப்புச் சுவர் மாதிரி வேலை செய்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. ஒரு மாநிலத் தலைநகரில் சர்வர், முந்நூறு கிலோமீட்டர் தள்ளி நான் என்றால் வேறு மாதிரிப் பேசியிருப்பேன் என்பதும் நிஜம்.

11 மார்ச்

மூன்றாவது வழி, நான் இப்போது எல்லா இடத்திலும் செய்வது: சொந்தமாக ஒரு யூடெவ் விதி எழுதி, வேலையைச் சொல்லும் பெயராக வைப்பது. "லைப்ரரி1-டிரைவ்0" என்று. விதிக்குள் சீரியல் எண் இருக்கும், பாக்குலா கான்ஃபிகில் இந்தப் பெயர் மட்டும் இருக்கும். டிரைவ் மாறினால் விதியில் ஒரு வரி மாற்றினால் போதும். பாக்குலா, எம்டி ஸ்கிரிப்ட், கண்காணிப்பு, எதையும் தொட வேண்டாம். பெயரிலேயே ரோபோவின் எண் இருப்பதால் அந்த இரண்டு கணக்குச் சிக்கலும் ஒரே இடத்தில் தீர்கிறது.

எழுதும்போது பலர் விழும் குழிகள்:

விதிக் கோப்பின் எண் 60க்கு மேல் இருக்க வேண்டும். டேப்புக்கான கணினியின் சொந்த விதிக் கோப்பு 60இல் தொடங்குகிறது, சீரியல் எண்ணைக் கேட்டு வாங்கி வைப்பது அதுதான். உங்கள் விதி 50இல் இருந்தால் அது ஓடும் நேரத்தில் ஒப்பிட சீரியல் எண்ணே இருக்காது. எந்த எர்ரரும் வராது, லிங்க் மட்டும் வராது.

பெயரை மாற்ற முயலாதீர்கள், சிம்லிங்க் சேருங்கள். கர்னல் கொடுத்த பெயரையே மாற்றுவதை யூடெவ் எப்போதோ கைவிட்டுவிட்டது. இணையத்தில் கிடக்கும் பழைய உதாரணங்களில் இன்னும் அந்தப் பழைய வரி இருக்கிறது.

முக்கியமானது இது. ஒரு டிரைவுக்கு என்எஸ்டி0 மட்டும் இல்லை. என்எஸ்டி0எல், என்எஸ்டி0எம், என்எஸ்டி0ஏ என்று இன்னும் மூன்று உண்டு, எல்லாம் அதே டிரைவ், வேறு வேறு மோட். விதியில் "என்எஸ்டி நட்சத்திரம்" என்று எழுதினால் நான்கும் உங்கள் லிங்க்குக்குப் போட்டி போடும். எது ஜெயிக்கும் என்பது ஒவ்வொரு பூட்டிலும் அதிர்ஷ்டம், அதாவது நாம் ஓடி வந்த அதே வியாதி. "என்எஸ்டி நட்சத்திரம், கடைசியில் ஒரு இலக்கம்" என்று சதுர அடைப்புக்குறிக்குள் 0 முதல் 9 வரை கொடுத்து முடியுங்கள். எழுத்தில் முடிபவை வெளியே நின்றுவிடும்.

எழுதிய பிறகு ரீபூட் தேவையில்லை. யூடெவ்ஏடிஎம் கொண்டு விதிகளை ரீலோட் செய்து, ஸ்கஸி டேப் வகைக்கு மட்டும் டிரிகர் கொடுங்கள். எல்லா வகைக்கும் கொடுத்துவிட்டு டிஸ்க் எல்லாம் சிலிர்ப்பதைப் பார்த்து நெஞ்சைப் பிடிக்க வேண்டாம்.

12 மார்ச்

பை-பாத் வாசகரின் பதில்: "சரி, உங்கள் மூன்றாவது வழியை ஏற்கிறேன், ஆனால் விதிக்குள் நான் பாத்தைத்தான் போடுவேன்."

போடுங்கள். வீடு உங்களுடையது.

19 மார்ச்

ரோபோவை மறந்துவிட்டோம். அதற்கும் பெயர் மாறும், டிரைவை விட அடிக்கடி மாறும்.

பாக்குலாவில் சேஞ்சர் டிவைஸ் என்று எஸ்ஜி3 போல ஒன்று எழுதியிருப்பீர்கள். எஸ்ஜி எண் டேப்புக்கு மட்டும் உரியதில்லை. ஸ்கஸி வழியாக வரும் எல்லாவற்றுக்கும் ஒன்று கிடைக்கும்: டிஸ்க், டிஸ்க் பெட்டி, டிவிடி டிரைவ், பூட் நேரத்தில் யாரோ செருகிவைத்துவிட்டுப் போன பென் டிரைவ். ஒரு டிஸ்க் கூடினால் போதும், எஸ்ஜி3 எஸ்ஜி4 ஆகிவிடும். டேப் டிரைவ் இரண்டும் இடம் மாறாமல் இருக்கும், ரோபோ மட்டும் காணாமல் போகும். எல்எஸ்ஸ்கஸி கமாண்டை ஜி விருப்பத்தோடு ஓட்டிப் பார்த்தால் ஒரே வரியில் எது எந்த எஸ்ஜி என்று தெரியும். "மீடியம்எக்ஸ்" என்று வகை போட்டிருக்கும் வரிதான் ரோபோ.

இதற்கும் பை-ஐடியில் லிங்க் உண்டு. புதிய யூடெவில் "சேஞ்சர்" என்ற வாலோடு இருக்கும், அதை எடுங்கள். பழையதில் வால் கிடையாது, வெறும் எண் மட்டும். சிறிய லைப்ரரிகளில் ரோபோ தனி இணைப்பாக வராது, ஒரு டிரைவின் பின்னால் லன் 1 ஆக ஒட்டிக்கொண்டு வரும். அந்த டிரைவை ரிப்பேருக்குக் கழற்றினால் ரோபோவும் கூடவே போய்விடும். இரண்டு டிரைவ் இருந்தும் ஒன்று பழுதானதும் லைப்ரரி முழுதும் ஊமையானது ஏன் என்று திகைக்கிறவர்களுக்கு, காரணம் இதுதான். எந்த டிரைவ் ரோபோவைச் சுமக்க வேண்டும் என்று லைப்ரரி அமைப்பில் மாற்ற முடியும் பெட்டிகளும் உண்டு. ரிப்பேருக்கு முன்னால் அதைச் செய்யுங்கள்.

20 மார்ச்

தனியாகக் கேட்டார் ஒருவர்: "எம்டி கமாண்ட் என்னிடம் பாதி விருப்பங்களை ஏற்கவே இல்லை." டெபியன் தானே? அங்கே சிபிஐஓ பொட்டலத்தோடு ஒரு எம்டி வரும், அது பெயருக்கு ஒரு எம்டி. எம்டி-எஸ்டி என்று தனிப் பொட்டலம் இருக்கிறது, அதை நிறுவுங்கள். நிறுவியதும் எம்டி என்ற பெயர் அதற்குத் திரும்பிவிடும். டிரைவ் பெயர் மாறுகிறது என்று புலம்பும் இழையில் கமாண்டும் ஆள்மாறாட்டம் செய்கிறது.

2 ஏப்ரல்

"விண்டோஸில் இந்தத் தொல்லை இல்லை" என்று ஒரு குரல்.

இருக்கிறது. அங்கே டேப்0, டேப்1, அதே டோக்கன் கதைதான். சர்வர் 2003 காலத்தில் இருந்து ரெஜிஸ்ட்ரியில் ஒரு இடம் உண்டு: கண்ட்ரோல் கிளையில் "டேப்" என்ற கீ, அதற்குள் "பெர்சிஸ்டன்ஸ்" என்று மதிப்பு 1. போட்டு ரீபூட் செய்தால் பெயர் நிலைக்கும். ஆனால் டேப்0 போய் டேப்2147483646 மாதிரி ஒரு பெயர் வரும். அடுத்த டிரைவுக்கு அதிலிருந்து ஒன்று குறைவு. முதல் முறை பார்க்கிறவர் வைரஸ் என்று நினைப்பார். பேக்கப் மென்பொருள் அந்த நீளத்தை ஏற்குமா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

பெரிய யூனிக்ஸ்கள் இதில் நிதானம். ஏஐஎக்ஸ் டிரைவைக் கண்டதும் தன் ஓடிஎம் களஞ்சியத்தில் எழுதி வைத்துக்கொள்ளும். ஆர்எம்டி0 என்றால் நீங்களாக அழிக்கும் வரை ஆர்எம்டி0 தான், ரிவைண்ட் ஆகாதது ஆர்எம்டி0.1. சோலாரிஸ் ஆர்எம்டி அடைவில் லிங்க் போட்டு நினைவில் வைக்கும், 0சிபிஎன் என்றால் சுருக்கத்தோடு, பிஎஸ்டி நடத்தையோடு, ரிவைண்ட் இல்லாமல். ஆனால் ஃபைபர் சேனல் டிரைவை மாற்றினால் புதியதுக்கு அடுத்த எண் போய்விடும், பழைய லிங்க் பிணமாகக் கிடக்கும். டெவ்எஃப்எஸ்ஏடிஎம்மை பெரிய சி விருப்பத்தோடு ஓட்டிப் பெருக்க வேண்டும். ஹெச்பி-யூஎக்ஸ் 11i மூன்றாம் பதிப்பில் பெயரை டிரைவின் உலக அடையாளத்தோடு கட்டிவிட்டார்கள். லினக்ஸ்தான் எண்ணைக் கையில் கொடுத்துவிட்டு, நிலையான பெயர் வேண்டுமானால் யூடெவிடம் போ என்று அனுப்பிவிடுகிறது.

9 ஏப்ரல்

ஃபைபர் சேனல் ஆட்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. டிரைவில் இரண்டு போர்ட், சர்வரில் இரண்டு ஹெச்பிஏ (இணைப்புக் கார்டு), நடுவில் ஸ்விட்ச் என்றால் ஒரே டிரைவ் இரண்டு, மூன்று, நான்கு எஸ்டி எண்களாக வரும். சீரியல் எண் எல்லாவற்றுக்கும் ஒன்றே. பை-ஐடி லிங்க் அதில் ஏதோ ஒன்றைக் காட்டும். டிஸ்க்குக்குப் பல பாதைகளை ஒன்றாக்கிக் காட்டும் மல்டிபாத் இருக்கிறதே என்று கேட்காதீர்கள், டிஎம்-மல்டிபாத் டேப்பைத் தொடாது. இங்கே மட்டும் பை-பாத் வாசகர் முழு வெற்றி: எந்தப் பாதை வேண்டும் என்று தேர்ந்தெடுத்து அதைத்தான் எழுத வேண்டும். அதைவிட நல்லது, ஸ்விட்ச் சோனிங்கிலேயே (யார் யாரைப் பார்க்கலாம் என்ற அமைப்பு) ஒரு டிரைவுக்கு ஒரு பாதை என்று வெட்டிவிடுவது. ஐபிஎம் டிரைவ் என்றால் லின்_டேப் என்ற அவர்கள் டிரைவர் பாதை மாற்றத்தைத் தானே பார்த்துக்கொள்ளும், ஆனால் பெயர்கள் ஐபிஎம்டேப்0 என்று வேறு குடும்பமாகிவிடும்.

ஐஸ்கஸி வழியாக மெய்நிகர் டேப் லைப்ரரி வைத்திருப்பவர்களுக்கு நேர் எதிர்த் தொல்லை. அங்கே ஒரே ஹோஸ்டில் இருந்து வரும் எல்லா டிரைவுகளுக்கும் ஐடி_சீரியல் ஒன்றே ஆகிவிடலாம். அப்போது வேறு வேறு டிரைவுகள் ஒரே லிங்க்குக்கு அடித்துக்கொள்ளும். ஐடி_ஸ்கஸி_சீரியல் என்ற இன்னொரு பண்பு தனித்தனியாக இருக்கும், விதியில் அதை வைத்து ஒப்பிடுங்கள். யூடெவின் டேப் விதிக் கோப்பிலேயே இதற்கு ஒரு கருத்து வரி எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தக் கோப்பு சின்னது, ஒருமுறை படித்துவிடுங்கள். இந்த இழையை விடச் சுருக்கம்.

14 ஜூன்

மீண்டும் கேட்டவர். ரீபூட்டே இல்லாமல் என்எஸ்டி1 போய் என்எஸ்டி2 வந்திருக்கிறது, இது எப்படி என்று.

டிரைவ் ஒன்று தொங்கியிருக்கும், யாரோ லைப்ரரிப் பக்கத்தில் இருந்து அதை மட்டும் பவர் அணைத்துப் போட்டிருப்பார்கள். அந்த நேரத்தில் பேக்கப் டீமன் பழைய என்எஸ்டி1ஐத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தால் கர்னல் அந்த எண்ணை விடுவிக்க முடியாது. டிரைவ் திரும்பி வரும்போது அடுத்த காலி எண் 2. உங்கள் லிங்க் 2க்குத் திரும்பியிருக்கும், பாருங்கள். ஆனால் டீமன் கையில் இருப்பது பழைய பிடி. லிங்க் சரியாக இருந்தும் ஜாப் தோற்பது அதனால்தான். ஸ்டோரேஜ் டீமனை மட்டும் ரீஸ்டார்ட் செய்யுங்கள், சர்வரை வேண்டாம்.

கன்டெய்னருக்குள் பேக்கப் ஓட்டுகிறவர்களுக்கும் இதே சிக்கல், இன்னும் மோசமாக. கன்டெய்னர் தொடங்கும் நொடியில் மேஜர் 9, மைனர் 129 என்று, கர்னல் டிவைஸை அடையாளம் காணும் எண் பதிந்துவிடும். வெளியே லிங்க் மாறுவது உள்ளே தெரியாது.

15 ஜூன்

இதோடு சேர்ந்தது ஒன்று, நேற்று விட்டுவிட்டேன். எம்டி கொண்டு பிளாக் அளவை 0 என்று, அதாவது மாறும் அளவு என்று வைத்திருப்பீர்களே, அது டேப்பில் எழுதப்படுவதில்லை. டிரைவரிடம் அந்த டிவைஸோடு இருக்கும் அமைப்பு. டிரைவ் புது எண்ணில் வந்தால் இயல்பு நிலைக்குத் திரும்பிவிடும். பூட் ஸ்கிரிப்டில் "என்எஸ்டி0க்கு இது, என்எஸ்டி1க்கு அது" என்று எழுதியிருந்தால் பெயர் மாறிய அன்று இரண்டு அமைப்பும் இடம் மாறிப் போகும். எஸ்டிஇனிட் என்று ஒரு கருவி இருக்கிறது, எம்டி-எஸ்டி பொட்டலத்தோடு வரும். அது டிரைவின் தயாரிப்பாளர், மாடல் பார்த்து அமைக்கும், எண்ணைப் பார்க்காது. கலப்பு டிரைவ் வைத்திருக்கும் உங்களுக்குப் பொருந்தும்.

23 செப்டம்பர்

கேட்டவரின் இடத்தில் மின்வெட்டு. மின்சாரம் வந்ததும் சர்வர் எழுந்துவிட்டது, பாக்குலா எழுந்துவிட்டது, "லைப்ரரி1-டிரைவ்0 என்று ஒன்றும் இல்லை" என்று டீமன் விழுந்துவிட்டது. சில நிமிடம் கழித்துப் பார்த்தால் லிங்க் இருக்கிறது.

லைப்ரரி எழுந்ததும் முதலில் தன் ஸ்லாட்களை ஒவ்வொன்றாக எண்ணும், பார்கோடு படிக்கும், டிரைவை எழுப்பும். சர்வர் அதற்குள் இரண்டு தரம் பூட் ஆகிவிடும். சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியில் "அந்த டிவைஸ் வந்த பிறகு தொடங்கு" என்று சொல்லலாம், ஆனால் டேப் டிவைஸ்களுக்கு சிஸ்டம்டி தானாக டிவைஸ் யூனிட் உருவாக்காது. டிஸ்க்குக்குச் செய்யும், டேப்புக்குச் செய்யாது. உங்கள் யூடெவ் விதியின் அதே வரியில் "சிஸ்டம்டி" என்ற டேக்கைச் சேருங்கள். பிறகு ஸ்டோரேஜ் டீமனின் யூனிட்டுக்கு ஓவர்ரைடு கோப்பு ஒன்று போட்டு, அதில் ஆஃப்டர், வான்ட்ஸ் இரண்டிலும் அந்த டிவைஸ் யூனிட்டின் பெயரைக் கொடுங்கள். லிங்க் பெயரில் சிறுகோடு இருந்தால் யூனிட் பெயரில் அது வேறு மாதிரி எழுதப்படும், கையால் யூகிக்காமல் சிஸ்டம்டி-எஸ்கேப் கமாண்டிடம் கேளுங்கள். காத்திருக்கும் நேரம் இயல்பாக 90 விநாடிதான், உங்கள் பெட்டிக்கு அது போதாது. விதியில் வேலை முடிந்த கையோடு டிவைஸ் யூனிட்டின் டைம்-அவுட்டையும் கூட்டிவிடுங்கள்.

ரோபோவுக்கும் இதே டேக் வேண்டும். எஸ்ஜி வகைக்குத் தனி வரி.